ஒன்பதாம் மாடி அக்காவின் கோபம்

அக்கா திட்டுவதை நிறுத்திவிட்டார் என்று அவருடைய கணவர் கிளினிக்கில் போய்ச் சொன்னபோது டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டாராம்.

"அங்கிள், இத வெளிய சொல்லிடாதீங்க. அப்புறம் எல்லா ஆம்பளைங்களும் அது என்னா மருந்துன்னு கேட்டு வரிசையில வந்து நிப்பாங்க" என்று சொல்லி, விட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினாராம்.

மாத்திரைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கணவர், அதாவது எங்கள் அண்ணன், இதை எனக்கு லிஃப்டில் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். எட்டாம் மாடி வந்ததும் இறங்கிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு அது ஒரு நல்ல நகைச்சுவை, அவ்வளவுதான்.

அக்காவின் பெயர் எங்கள் அடுக்குமாடியில் பலருக்குத் தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் அந்தப் பழைய கட்டடத்தில் இருந்தவர்களுக்கு அவர் ஒன்பதாம் மாடி அக்கா. கிள்ளானில், துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் தலைமைக் கிராணி, எழுத்தர்களுக்கெல்லாம் மேல். காலையில் கொமுட்டர் ரயில் ஏறிப் போவார். நாள் முழுக்க லோரி ஓட்டுநர்களோடும் கப்பல் கம்பெனிகளோடும் போனில் மல்லுக்கட்டிவிட்டு மாலையில் திரும்பி வருவார். வந்ததும் எங்கள் கட்டடத்தின் குறைகளைக் கவனிக்கத் தொடங்குவார். அதற்கு அவருக்குக் களைப்பே வந்ததில்லை.

"நான் சண்டை போடல. கேக்குறேன். கேக்குறது தப்பா?" என்பார். அந்தக் கேள்வி தன்னை நோக்கி வந்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். கெட்ட வார்த்தை இருக்காது. கூச்சலும் இருக்காது. தேதி இருக்கும், நேரம் இருக்கும், கைப்பேசியில் படம் இருக்கும்.

ஒருமுறை லிஃப்ட் நின்று பத்து நாளாகியும் பழுது பார்க்கவில்லை. ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள் வந்து, "அக்கா, சாமான் வெளிநாட்டுலேர்ந்து வரணும்" என்றான்.

"சரி. எந்தக் கப்பல்ல வருது?"

"அது தெரியாதுக்கா."

"கப்பல் பேரக் கேட்டுச் சொல்லுங்க தம்பி. நான் துறைமுகத்துலதான் வேலை செய்றேன். எங்க நிக்குதுன்னு பாத்து நானே சொல்லிடுறேன்."

மறுநாள் காலையில் சாமான் வந்துவிட்டது. எந்தக் கப்பலில் வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

என் மகள் பாலர் பள்ளியை முடித்தபோது கொடுத்த சான்றிதழில் அவள் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. நான் கவனித்தேன், விட்டுவிட்டேன். பாலர் பள்ளிச் சான்றிதழ்தானே. அக்கா அதை எங்கள் வீட்டுச் சுவரில் பார்த்துவிட்டு, "இது யாரு பிள்ளையோடது தம்பி?" என்று கேட்டார்.

"நம்ம பிள்ளையோடதுதான்க்கா. ஒரு எழுத்துதான் இல்ல. பரவால்லலா."

"பேரு தப்பா இருந்தா அது வேற பிள்ளை" என்று சுவரிலிருந்து சட்டத்தோடு கழற்றி எடுத்துக்கொண்டு போனார். நான்கு நாளில் புதிய சான்றிதழ் வந்தது. கூடவே, தலைமையாசிரியை கையெழுத்திட்ட ஒரு மன்னிப்புக் கடிதமும் வந்தது. அந்தக் கடிதத்தையும் சட்டம் போடச் சொன்னார். அதை மட்டும் நான் செய்யவில்லை.

இதையெல்லாம் வைத்து, எங்களுக்கெல்லாம் அவர் மேல் பெரிய பாசம் இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பயம்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுவரில் துளை போட்டதற்கு அவரிடம் மாட்டிக்கொண்ட பிறகு, லிஃப்ட் அருகே அவர் குரல் கேட்டால் எட்டு மாடியும் படியிலேயே இறங்குவேன். குடியிருப்போர் சங்கத் தலைவர் இன்னும் ஒரு படி மேலே போய், கூட்டத்துக்கு முந்தைய நாள் இரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்வார்.

அண்ணன் ஒரு பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மெதுவாகப் பேசுவார். வீட்டிலுள்ள எல்லாப் போத்தல்களிலும் பெயர் எழுதி ஒட்டி வைத்திருப்பார். அவ்வளவு ஒழுங்கான மனிதரைத் திட்டுவதற்கு என்ன இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஒழுங்குக்கே திட்டு வாங்கினார். "உப்புன்னு எழுதி ஒட்டினாத்தான் எனக்கு உப்புன்னு தெரியுமா? நான் என்ன உங்க ஸ்கூல்ல படிக்க வந்த பிள்ளையா?" என்று மேலிருந்து கேட்கும். கீழ்வீட்டில் நாங்கள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துக்கொள்வோம்.

எம்.சி.ஓ. என்ற நடமாட்டக் கட்டுப்பாடு எல்லாம் முடிந்து, ஊர் மறுபடி திறந்து, ஆட்கள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்த சமயத்தில் அக்காவுக்குக் கோவிட் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு நாள் காய்ச்சல், கொஞ்சம் இருமல், ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகவில்லை. என் மனைவி ரசம் வைத்துத் தூக்குப்பாத்திரத்தில் ஊற்றி அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அரை மணி நேரத்தில் அக்கா போன் செய்தார்.

"தம்பி, என்னா ரசம் இது? உப்பும் இல்ல, புளியும் இல்ல. சுடுதண்ணிக்கு மஞ்சத்தூள் போட்ட மாதிரி இருக்கு. வீட்டுல சொல்லு."

மனைவி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குச் சுவையே போயிருந்தது பிறகுதான் தெரிந்தது. எது எப்படியோ, அவர் எங்களிடம் சொன்ன கடைசிக் குறை அதுதான்.

அவர் தேறி வெளியே வந்த வாரம், அண்ணன் தன் காரை நிறுத்தும் இடத்தில் யாரோ வேறொரு காடியை நிறுத்தியிருந்தார்கள். அக்கா பாசாரில் காய்கறி வாங்கிய பையோடு வந்தார், நின்றார், பார்த்தார். நாங்கள் நான்கைந்து பேர் மாடத்தில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்க்கத் தயாரானோம். அக்கா பையைக் கை மாற்றிக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விட்டார். படம்கூட எடுக்கவில்லை.

அதன் பிறகு நாங்கள் ஒவ்வொருவராக அந்த நல்ல காலத்தை அனுபவிக்கத் தொடங்கினோம். மாதக் கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது. தலைவர் மகிழ்ச்சி தாங்காமல் எல்லாருக்கும் சுடச்சுடக் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தார். சாவு பக்கத்தில் வந்துவிட்டுப் போனதால் அக்காவுக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் மாடி டீச்சர் அவரைத் தனியாக அழைத்து, எந்தத் தியான வகுப்புக்குப் போகிறீர்கள் என்று விலாசம் கேட்டார். அக்கா புன்னகை செய்தார். அந்தப் புன்னகையைப் பார்த்து டீச்சர் உருகிப் போனார்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து லிஃப்டின் பொத்தானை அழுத்தினேன். கதவு திறந்தது. உள்ளே அக்கா நின்றுகொண்டிருந்தார். எந்த மாடிப் பொத்தானிலும் விளக்கு எரியவில்லை. எவ்வளவு நேரமாக அப்படி நின்றாரோ தெரியாது.

"எந்த மாடிக்குக்கா?" என்று கேட்டேன். பழக்கத்தில் கேட்டதுதான்.

"அதான் தம்பி யோசிச்சிட்டு இருக்கேன்" என்றார்.

இருபத்திரண்டு வருடமாக அதே வீட்டில் இருப்பவர். நான் ஒன்பதை அழுத்திவிட்டு, "வயசாகுதுலா நமக்கெல்லாம்" என்று சிரித்தேன். அக்காவும் சிரித்தார். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. காடி நிறுத்துவதும், துளை போடுவதும், கூட்டமும் எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்த நேரம் அது.

அண்ணன்தான் முதலில் பயந்தார். விட்டமின் மாத்திரை தீர்ந்த பிறகு ஒரு நாள் நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கே தேடி வந்தார். ராத்திரியில் அக்கா தூங்குவதில்லை என்றார். அடுப்பை மூட்டிவிட்டு மறந்துவிடுகிறாள், ஒரே பக்கத்தை மறுபடி மறுபடி படிக்கிறாள் என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார்.

அக்கா வேலையை விட்டு விலகும் கடிதம். கம்பெனியே தட்டச்சு செய்து கொடுத்தது. கீழே அக்காவின் கையெழுத்து.

"கண்டெய்னர் நம்பரு ரெண்டு மூணு தடவ மாறிப் போச்சாம். கூப்பிட்டு இத நீட்டியிருக்காங்க. போட்டுட்டு வந்துட்டா. படிச்சியான்னு கேட்டேன்."

"என்னா சொன்னாங்க?"

"நீளமா இருந்துச்சுங்கிறா."

பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தைக்கூடப் படித்துவிட்டு ஏறுகிறவர் அக்கா.

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் கிள்ளானுக்குப் போனோம். போகும்போது ரயிலில் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாகப் பேசி வைத்துக்கொண்டோம். மேனேஜர் மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லி மைலோ வரவழைத்தார்.

"உங்க மிசஸ் ரொம்ப நல்லவங்கலா அங்கிள். முன்ன கொஞ்சம் கஷ்டம். இப்ப தங்கமா மாறிட்டாங்க. சிரிச்சுக்கிட்டே சைன் பண்ணாங்க. ஒரு வார்த்த கேக்கல."

"அதான் சார் அவளுக்கு வியாதி" என்றார் அண்ணன்.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "சார், மைலோ நல்லா இருக்கு" என்றுதான் வந்தது. குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, வெளியே வந்துவிட்டோம்.

திரும்பும்போது ரயிலில் அண்ணன் அந்தக் கடிதத்தை மறுபடி விரித்துப் படித்தார், ஷா ஆலம் நிலையம் தாண்டியதும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அப்புறம், "நம்மளுக்குக் கேக்கத் தெரியல தம்பி" என்றார். உண்மைதான். இருபத்திரண்டு வருடம் எங்களுக்கெல்லாம் சேர்த்து அக்கா ஒருவரே கேட்டுவிட்டதால், அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் அதைக் கற்றுக்கொள்ளவே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் நாள் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. காடி ஓட்ட நானும் போனேன். இளம் பெண் டாக்டர், தமிழ்ப் பிள்ளை. அண்ணன் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு போயிருந்தார். அதில் கோடு போட்டு எழுதியிருந்தார்: பால் திரிந்துவிட்டது, அப்படியே குடித்தாள். என் தங்கை வந்து அவள் முகத்துக்கு நேரே குறை பேசினாள், எழுந்து போய்த் தேநீர் போட்டாள். நான் அவள் பிறந்தநாளை மறந்ததுபோல் நடித்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை. கடைசிப் பக்கம் வரை படித்தார். பிறகு நாற்காலியை அக்காவுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு, மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். அக்கா ஆகஸ்ட் வரை வந்தார். அங்கே நின்றார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவசரமே இல்ல ஆன்டி" என்றார் டாக்டர்.

பரிசோதனைகள், ஸ்கேன், இன்னும் இரண்டு முறை வரச் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு விளக்கினார். "காய்ச்சல் போயிடுச்சு அங்கிள், ஆனா மூளைக்கு இன்னும் முழுசா தெம்பு வரல. கோவிட்டுக்குப் பின்னாடி சிலருக்கு மறதி வருது, சிலருக்குத் தூக்கம் போயிடுது. சிலருக்கு இந்த மாதிரி, எதையும் செய்யணும்கிற உந்துதலே இல்லாமப் போயிடுது. மனச்சோர்வும் கூட இருக்கு, அதுக்கு மருந்து தரேன். இது சோம்பேறித்தனம் இல்ல. பக்குவமும் இல்ல."

"எப்ப திரும்பி வரும் டாக்டர்?"

"கொஞ்சம் கொஞ்சமா நிறைய பேருக்கு சரியாகுது. இத்தனை மாசத்துலன்னு சத்தியமா என்னால சொல்ல முடியாது."

மருந்து வாங்கும் வரிசையில் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல செய்தி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதை ஒருவர் நம்பிவிட்டார்.

டாக்டர் கொடுத்த கடிதத்தோடு மறுபடி கிள்ளானுக்குப் போனோம். மேனேஜர் படித்துவிட்டு, இதெல்லாம் தலைமை அலுவலகம் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்றார். "அப்ப நான் இருக்கேன் சார்" என்று சொல்லி அண்ணன் வரவேற்பறையில் உட்கார்ந்தார். வாதாடவில்லை, கெஞ்சவில்லை. காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தவர். மேனேஜர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நான் மத்தியானம் இரண்டு சாதப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தேன். அங்கேயே, வாடிக்கையாளர்களுக்கு நடுவில், மடியில் வைத்துச் சாப்பிட்டார். மூன்று மணிக்குப் பதினோராவது வணக்கத்தில் மேனேஜர் உடைந்து போய் போனை எடுத்தார்.

விலகல் கடிதம் திரும்பி வந்தது. ஆறு மாதம் சம்பளமில்லாத விடுப்பு, அதற்குப் பிறகு கோப்பு அறையில், போன் இல்லாத ஒரு வேலை. அக்காவிடம் சொன்னபோது, "ஏன் தம்பி, அவங்களுக்குக் கஷ்டம் கொடுத்தீங்க?" என்றார்.

அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக அவரிடம் உட்கார்ந்து கேட்டேன். "எப்படிக்கா இருக்கு உள்ளுக்குள்ள?"

"தப்பு நடந்தா தெரியுது தம்பி. கண்ணுக்குத் தெரியுது. முன்ன பாத்த உடனே எந்திரிச்சிடுவேன். இப்ப பாக்குறேன், அதோட நின்னுடுது. எல்லாரும் அமைதியாயிட்டீங்கன்னு சொல்றாங்க. அமைதி இல்ல. கரண்டு போன வீடு மாதிரி இருக்கு." பிறகு, "எல்லாரும் இப்ப என்னைய ரொம்ப நல்லவங்கிறாங்க. அப்ப முன்ன நான் யாரு தம்பி?" என்று கேட்டார்.

படியில் இறங்கி ஓடிய ஆள் என்ன பதில் சொல்வான்?

அதே ஆண்டில் லிஃப்ட் மறுபடி நின்றது. இந்த முறை ஐந்து வாரம் நின்றது. எந்தக் கப்பல் என்று கேட்க ஆள் இல்லை. ஒன்பது மாடி ஏறி இறங்க அக்காவுக்கு மூச்சு வாங்கியது. செமினியில் ஒரு தரை வீடு பார்த்துக்கொண்டு அவர்கள் கிளம்பினார்கள். பிரியாவிடையில் சங்கத் தலைவர், அக்காவைப்போல் எல்லாரும் விட்டுக்கொடுத்து வாழக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினார். ஐந்து வாரமாகப் படியேறிக் கால் வீங்கிய நாங்கள் கைதட்டினோம்.

போன வருடம் குடும்பத்தோடு செமினிக்குப் போயிருந்தேன். அக்கா நன்றாகத் தேறியிருந்தார். தூக்கம் வருகிறது, அடுப்பு மறப்பதில்லை. செமினியிலிருந்து கிள்ளானுக்குப் போய்வர முடியாமல் வேலையைக் கடைசியில் விட்டுவிட்டார். ஆனால் இந்த முறை கடிதத்தை இரண்டு நாள் வைத்துப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாராம்.

வீடுதான் எனக்கு அதிர்ச்சி தந்தது. நாற்காலியில் ஈரத் துண்டு. மேசையில் கழுவாத கோப்பை. நாளிதழ் தாள் தாளாகத் தரையில் கிடந்தது. அண்ணன் என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் வேணும்னேதான் தம்பி. டாக்டர் சொல்லல, நானாத்தான் செய்றேன். நேத்து கெம்போங் மீன் வாங்கிட்டு வரச் சொன்னா. வேற மீனு, செலார் வாங்கிட்டு வந்தேன். திட்டிட்டா! இந்த வாரத்துல மட்டும் மூணு தடவ." மூன்று விரலைக் காட்டினார். பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகம்.

உள்ளே போனேன். சமையலறையில் அக்கா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என் மனைவியும் மகளும் பின்பக்கம் செடி பார்க்கப் போயிருந்தார்கள்.

"அண்ணன் சந்தோஷமா இருக்காருக்கா. உங்களுக்குக் கோவம் வர ஆரம்பிச்சிடுச்சாமே."

அக்கா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வரல தம்பி. அவரு வேணும்னு செய்றது எனக்குத் தெரியாதா? அந்தத் துண்டு குளிச்ச துண்டு இல்ல. பைப்புல நனைச்சு எடுத்துட்டு வந்து போடுறாரு. எத்தன வருஷமாப் பாத்த மனுசன், குப்பை போடக்கூடத் தெரியல, நேரா அடுக்கி வச்ச மாதிரி போட்டு வச்சிருக்காரு. பாவமா இருக்கு. அதான் வாரத்துல ரெண்டு மூணு தடவ திட்டி விட்டுடுறேன்."

"எப்படிக்கா, கோவம் வராம?"

"முன்னாடியே யோசிச்சு வச்சுக்குவேன். மறந்துபோயிடும், அதான் எழுதியும் வச்சுக்குவேன்" என்று அரிசி டின்னுக்குக் கீழிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். குண்டு குண்டான, கவனமான எழுத்து. 'செருப்போடு உள்ளே வந்தால்' என்று தலைப்பு. அதற்குக் கீழே இரண்டு வரி.

நான் படித்து முடிக்கவும் அண்ணன் உள்ளே வந்துவிட்டார். தோட்டத்துச் சேறு அப்பிய செருப்போடு, சமையலறை நடுவில் வந்து நின்றுகொண்டு, எங்கள் இருவரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்தார். அக்கா சீட்டைச் சட்டென்று டின்னுக்குக் கீழே தள்ளினார். கத்தியைக் கீழே வைத்தார்.

"காலையிலதான் இந்தத் தரையத் தொடைச்சேன். உங்க கண்ணு பின்னாலயா இருக்கு?" என்றார். சீட்டில் இருந்ததை வார்த்தை மாறாமல் சொல்லி முடித்தார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். பாத்தீங்களா, பாத்தீங்களா என்று அவர் கண் கேட்டது. நான் தலையாட்டினேன். அவர் சேற்றோடு திரும்பி நடக்கத் தொடங்கினார்.

"நான் பேசிட்டு இருக்கேன், எங்க போறீங்க? வீட்டுக்கு வந்த பிள்ள முன்னாடி பல்லக் காட்டிக்கிட்டு! அந்தச் செருப்ப அங்கயே கழட்டுங்க, ஒரு அடி எடுத்து வச்சீங்க..."

சீட்டில் இருந்தது இரண்டு வரிதான்.